கட்டுரை வாசித்த பிறகு: கல்வியியல் மாநாடுகள் எதற்காக?

தமிழ்நாட்டில் பி.எட். படித்த எவருக்கும் பெஞ்சமின் ப்ளூம் என்ற பெயர் தெரியும். பாடக்குறிப்பு எழுதும்போதும் வினாத்தாளுக்குப் புளூபிரின்ட் போடும்போதும் அறிவு, புரிதல், பயன்பாடு, பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடல் என்ற ஆறு படிகளை எழுதியே ஆக வேண்டும். அந்த ஆறு படிகளும் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களின் பேச்சில் பிறந்தவை என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

1948-இல் பாஸ்டன் நகரில் அமெரிக்க உளவியல் கழகத்தின் மாநாடு கூடியது. அதற்கு வந்திருந்த பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் சிலர், நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே உட்கார்ந்து தங்கள் தொழில் கஷ்டத்தைப் பேசினார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் புதிதாக வினாக்கள் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒருவர் எழுதிய வினாவை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வழியில்லை. மாணவர் ‘புரிந்துகொண்டார்’ என்று இரண்டு தேர்வாளர்கள் சொன்னால் இருவரும் ஒன்றையே குறிக்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வினாக்களை வகைப்படுத்தப் பொதுவான ஒரு சட்டகம் இருந்தால் பரிமாறிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கே உருவானது. 1949 முதல் அந்தக் குழு தொடர்ந்து கூடியது. முதல் வரைவை ஆயிரம் படிகள் அச்சிட்டு, கற்பிப்பவர்களிடமும் தேர்வாளர்களிடமும் கொடுத்துக் குறை சொல்லச் சொன்னது. நூல் வெளிவந்தது 1956-இல். அடுத்த ஆண்டே ப்ளூம் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தம் பற்றி ஆலோசனை தந்தார். 1958-இல் இங்கே மத்தியத் தேர்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. நம் பயிற்சிக் கல்லூரிகளுக்கு ப்ளூம் வந்து சேர்ந்த பாதை இது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது பேச்சுக்கும் நூலுக்கும் நடுவே இருந்த எட்டு ஆண்டுகள். ஒரு கருத்து பொதுவில் வைக்கப்பட்டது, எதிர்க் கேள்விகளைச் சந்தித்தது, திருத்தப்பட்டது, மீண்டும் பொதுவில் வைக்கப்பட்டது. கல்வியியல் பேராசிரியர்கள் மாநாடுகளில் கூடி ஆய்வுகளைப் பகிர்வதன் நோக்கம் இந்தச் சுழற்சிதான். கட்டுரையை வாசித்து முடித்த பிறகு அரங்கில் என்ன நடக்கிறது என்பதே ஒரு மாநாட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. உலகின் பெரிய கல்வியியல் மாநாடு ஒன்றின் அனுபவத்தையும் நம் நாட்டு நிலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

பொதுவில் வைக்கும் விசாரணை

இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், ஒழுங்குமுறையோடு நடத்திப் பொதுவில் வைக்கப்படும் விசாரணையே ஆய்வு என்று கருதினார். ‘பொதுவில்’ என்ற பகுதி மற்றத் துறைகளைவிடக் கல்வித்துறைக்குக் கூடுதலாகப் பொருந்தும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையை அதே வெப்பநிலையில், அதே அளவுகளோடு இன்னொருவர் செய்து பார்க்க முடியும். வகுப்பறையில் அது நடக்காது. அதே பாடத்தை அதே ஆசிரியர் அடுத்த வகுப்பில் நடத்தினாலும் பிள்ளைகள் வேறு, அவர்கள் கொண்டுவரும் முன்னறிவு வேறு, வீட்டுச் சூழல் வேறு. அதனால் கல்வி ஆய்வாளர் சொல்லும் முடிவு எந்த எல்லைவரை செல்லும் என்பதை அவர் தனியே இருந்து கண்டுபிடிக்க முடியாது. வேறு ஊரில், வேறு வகுப்பில், வேறு பாடத்தில் வேலை செய்தவர்கள் கேட்டு, ‘எங்கள் பள்ளியில் இப்படி நடக்கவில்லையே’ என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் முடிவின் எல்லைக்கோடு தெரியும்.

மேலே சொன்ன பெரிய மாநாட்டை நடத்தும் அமெரிக்கக் கல்வி ஆய்வுக் கழகம் 1916-இல் தோன்றியது. தொடக்கத்தில் அதில் இருந்தவர்கள் நகரப் பள்ளி நிர்வாகங்களில் தேர்வுகளையும் அளவீடுகளையும் கவனித்துவந்த அதிகாரிகள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. இன்று அதன் உறுப்பினர்கள் ஏறத்தாழ 25,000 பேர். ஆண்டு மாநாடு வழக்கமாக ஏப்ரலை ஒட்டி நடக்கிறது. அதற்கான கட்டுரை அழைப்பு முந்தைய கோடையிலேயே வந்துவிடும். சுமார் 2,000 சொற்களுக்குள் நோக்கம், கோட்பாட்டு அடிப்படை, தரவு, முறை, முடிவு எல்லாவற்றையும் எழுதி, பெயரை நீக்கி அனுப்ப வேண்டும். எழுதியவர் யார் என்று தெரியாமலே சக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பாடத்திட்டம், கற்றல், அளவீடு, ஆசிரியர் கல்வி என்று 12 பிரிவுகள் உண்டு. இவற்றோடு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிறப்பு ஆர்வக் குழுக்களும் இயங்குகின்றன.

அமர்வுகளின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒரே பொருளைத் தொட்ட நான்கைந்து கட்டுரைகள் ஓர் அமர்வில் சேர்க்கப்படும். அமர்வுத் தலைவர் நேரத்தைப் பார்த்துக்கொள்வார். அவரைத் தவிர கருத்துரையாளர் என்று ஒருவர் இருப்பார். கட்டுரைகள் முன்கூட்டியே அவர் கைக்குப் போய்விடும். எல்லோரும் பேசி முடித்தபின் அவர் எழுந்து, கட்டுரைகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன, எந்த வாதத்துக்குத் தரவு போதவில்லை என்று சொல்வார். அதன் பிறகு அரங்கம் கேட்கும். இன்னும் பக்குவப்படாத ஆய்வுகளுக்கு வட்டமேசை அமர்வு உண்டு. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் மட்டும் உட்கார்ந்து, பாதியில் நிற்கும் ஆய்வை எப்படி முன்னெடுப்பது என்று பேசுவார்கள். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் துறையின் மூத்தவரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கவும் கேள்வி வாங்கவும் கிடைக்கும் அரிய இடம் அது.

307-இல் 168 போனால்

அந்த மாநாட்டில் பிறந்து உலகெங்கும் ஆசிரியர் கல்வியைத் தொட்ட ஒரு கருத்தை நெருங்கிப் பார்க்கலாம். 1985-இல் ஆண்டு மாநாடு சிகாகோவில் கூடியது. அவ்வாண்டின் தலைவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லீ ஷுல்மன். அவர் தமது தலைமையுரையில் கலிஃபோர்னியா மாநிலம் 1875-இல் ஆசிரியர்களுக்கு நடத்திய தேர்வு ஒன்றை எடுத்துக்காட்டினார். மொத்தம் 1,000 மதிப்பெண்கள். எண்கணிதம், இலக்கணம், புவியியல் என்று பாட அறிவுக்கே ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. கற்பித்தலின் கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் 50 மதிப்பெண்கள். நூறாண்டு கழித்து நிலைமை தலைகீழாகியிருந்தது. 1980-களில் ஆசிரியர்களை மதிப்பிட்ட முறைகள் பாடத்தைத் திட்டமிடுவது, வகுப்பை நிர்வகிப்பது, மாணவர் வேறுபாடுகளை அறிவது பற்றியெல்லாம் கேட்டன. நடத்தும் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆய்வாளர்களும் அப்படியே இருந்தார்கள். ஆசிரியர் எத்தனை வினாடி காத்திருந்து பதில் வாங்குகிறார் என்று அளந்தார்கள். எதைப் பற்றிக் கேட்டார் என்பதை விட்டுவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை அறிவு ஒன்று இருக்கிறது என்றார் ஷுல்மன். ஒரு பாடத்தை மற்றவருக்குப் புரியும்படி மாற்றித் தரும் அறிவு அது. எந்த எடுத்துக்காட்டு எடுபடும், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள், அவர்கள் ஏற்கெனவே கொண்டிருக்கும் தவறான எண்ணம் எது என்றெல்லாம் தெரிந்திருக்கும் அறிவு. பாட வல்லுநரிடம் இது தானாக வந்துவிடாது. பொதுவான கற்பித்தல் முறைகளைப் படித்ததாலும் வராது. இது ஆசிரியர்களுக்கே உரிய தொழிலறிவு.

இதன் பொருளை ஒரு கழித்தல் கணக்கில் பார்க்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பால் குழுவினர் பயன்படுத்திய எடுத்துக்காட்டு: 307-இல் 168 போனால் எவ்வளவு? விடை 139 என்று படித்தவர் எவரும் சொல்லிவிடுவார். ஒரு பிள்ளை 261 என்று எழுதியிருக்கிறது. தப்பு என்று சுழித்துவிட யாராலும் முடியும். ஏன் 261 வந்தது என்று பார்க்க ஆசிரியர் வேண்டும். ஒன்று இடத்தில் 7-க்குக் கீழே 8. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று பிள்ளை படித்திருக்கிறது. அதனால் 8-இலிருந்து 7-ஐக் கழித்து 1 என்று எழுதிவிட்டது. அப்படியே 6-இலிருந்து 0, 3-இலிருந்து 1. பிள்ளை கவனக்குறைவாக இல்லை. ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது, அந்த விதிதான் தவறு. இன்னொரு பிள்ளை 149 என்று எழுதினால் கதையே வேறு. நூறு இடத்திலிருந்து கடன் வாங்கிப் பத்து இடத்துக்குக் கொடுத்தது. அங்கிருந்து ஒன்று இடத்துக்குக் கொடுத்தபோது பத்தை ஒன்பதாக்க மறந்துவிட்டது. மூன்றாவது பிள்ளை கடனே வாங்காமல், 168-லிருந்து 170-க்கு 2, அங்கிருந்து 300-க்கு 130, அங்கிருந்து 307-க்கு 7 என்று எண்ணி 139-க்கு வருகிறது. இந்த வழி எல்லா எண்களுக்கும் சரிப்படுமா என்று ஆசிரியர் அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கும் அடுத்து சொல்ல வேண்டியது மூன்று வேறு விஷயங்கள். பொறியாளருக்கோ கணக்காளருக்கோ இந்த அறிவு தேவைப்படுவதில்லை. ஒன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களிடம் இந்த அறிவை அளந்து, அவர்களுடைய மாணவர்களின் கணித முன்னேற்றத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதை ஹெதர் ஹில், பிரையன் ரோவன், டெபோரா பால் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

ஷுல்மனின் உரை அடுத்த ஆண்டு கட்டுரையாக வெளிவந்ததும் விவாதம் தொடங்கியது. இந்த அறிவைப் பாட அறிவிலிருந்து தெளிவாகப் பிரிக்க முடியுமா? இது ஆசிரியரின் தலைக்குள் இருப்பதா, வகுப்பில் செயலாக வெளிப்படுவதா? ஒவ்வோர் ஆய்வாளரும் இந்தக் கருத்தை ஒவ்வொரு விதமாக வரையறுத்ததால் ஆய்வு முடிவுகளை ஒப்பிடவே முடியாத நிலை வந்தது. அதைத் தீர்க்க 2012-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் தனியே ஒரு சந்திப்பை நடத்தினார்கள். ஷுல்மனும் அதில் கலந்துகொண்டார். தாம் முன்வைத்த கருத்து எதையெல்லாம் விட்டுவிட்டது என்று அவரே பட்டியலிட்டார்: ஆசிரியரின் உணர்வும் ஊக்கமும், வகுப்பில் நிகழும் செயல், பிள்ளைகளின் பண்பாட்டுச் சூழல், கற்றலின் விளைவு. 2016-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இரண்டாவது சந்திப்பு நடந்து, கருத்தின் வடிவம் மேலும் திருத்தப்பட்டது. புகழ்பெற்ற ஒரு கருத்தை உருவாக்கியவரே கால்நூற்றாண்டு கழித்து, கேள்வி கேட்பவர்கள் நடுவே உட்கார்ந்து அதன் குறைகளைச் சொல்கிறார். ஒரு துறை உயிரோடு இருப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

கேள்வியையே மாற்றும் மாநாடு

சில வேளைகளில் மாநாடு விடையைத் திருத்துவதோடு நிற்காமல் கேள்வியையே மாற்றிவிடும். 2006-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆண்டு மாநாட்டில் தலைமையுரை ஆற்றியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ். கறுப்பின, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடி மாணவர்களின் மதிப்பெண்கள் வெள்ளையின மாணவர்களுடையதைவிடக் குறைவாக இருப்பதை ‘அடைவு இடைவெளி’ என்று சொல்லி, அதை எப்படிக் குறைப்பது என்றே ஆய்வுலகமும் அரசும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அரசின் வரவுசெலவில் ஓராண்டுப் பற்றாக்குறை வேறு, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கடன் வேறு என்பதை அவர் நினைவூட்டினார். இடைவெளியை மட்டும் பார்ப்பது இவ்வாண்டுப் பற்றாக்குறையை மட்டும் பார்ப்பதற்குச் சமம். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருப்பது கல்விக் கடன். வரலாறு, பொருளாதாரம், அரசியல், அறம் என்ற நான்கு பக்கங்களிலிருந்தும் அந்தக் கடன் எப்படிச் சேர்ந்தது என்று அவர் விளக்கினார். ஓர் எடுத்துக்காட்டு: சிகாகோ நகரப் பொதுப்பள்ளிகளில் அப்போது ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 8,482 டாலர் செலவானது. அருகிலுள்ள ஹைலண்ட் பார்க்கில் 17,291 டாலர். முதலாவதில் 87 சதவீதம் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். இரண்டாவதில் 90 சதவீதம் வெள்ளையினப் பிள்ளைகள்.

இதற்குப் பிறகு பிள்ளைகளிடம் என்ன குறை என்று கேட்டவர்கள், பிள்ளைகளுக்குத் தர வேண்டியதில் எவ்வளவு பாக்கி என்று கேட்க வேண்டியிருந்தது. சாதியும் பால் வேறுபாடும் ஊர்ப்புறத் தொலைவும் பள்ளியைத் தீர்மானித்த வரலாறுள்ள நம் நாட்டிலும் இந்தக் கேள்வி பொருந்தும். ‘முதல் தலைமுறைக் கற்போர்’ என்பதை ஒரு மாறியாக மட்டும் அட்டவணையில் எழுதிவிட்டுக் கடந்துபோகும் ஆய்வுகள், அதற்குப் பின்னால் இருக்கும் பாக்கியைக் கணக்கில் எடுக்கத் தவறுகின்றன.

பெரிய மாநாடு என்பதால் அதில் குறை இல்லாமல் போய்விடவில்லை. புதியதற்கே மதிப்பு தரும் பழக்கம் கல்வியியலில் ஆழமாக ஊறியிருக்கிறது. மேத்யூ மேகல், ஜொனதன் ப்ளக்கர் இருவரும் முன்னணிக் கல்வியியல் இதழ்கள் 100-இன் முழு வெளியீட்டு வரலாற்றையும் எடுத்துப் பார்த்து 2014-இல் ஒரு கணக்கைச் சொன்னார்கள். 1,64,589 கட்டுரைகளில் முந்தைய ஆய்வு ஒன்றைத் திரும்பச் செய்து சரிபார்த்தவை வெறும் 221, அதாவது 0.13 சதவீதம். முதல் ஆய்வைச் செய்தவர்களே திரும்பச் செய்தபோது கிடைத்த வெற்றி, வேறு ஆட்கள் செய்தபோது குறைந்ததையும் அவர்கள் காட்டினார்கள். ஒருமுறை ஓரிடத்தில் கிடைத்த முடிவை உலக உண்மையாக எடுத்துக்கொண்டு கொள்கை வகுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

நம் கருத்தரங்குகள்

தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்விக்கென்றே 2008-இல் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. நூற்றுக்கணக்கான கல்வியியல் கல்லூரிகள் அதன்கீழ் இயங்குகின்றன. நாடு முழுவதும் பணிமுன் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் அரசு சாராதவை என்று 2012-இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் சுட்டிக்காட்டியது. அதன் பரிந்துரைகளை ஒட்டியே பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டுகளானது. ஆசிரியர் கல்வி இவ்வளவு பெரிதாக வளர்ந்த மாநிலத்தில், அதற்குள்ளிருந்து வரும் ஆய்வுக்கு வகுப்பறைகளை மாற்றும் வலிமை இருந்திருக்க வேண்டும். கருத்தரங்குகளும் குறைவின்றி நடக்கின்றன. ஆனால் அவற்றின் போக்கு வேறு திசையில் திரும்பியிருக்கிறது.

அந்தத் திருப்பத்துக்கு முக்கியமான காரணம் புள்ளிக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறைகள் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குச் செயல்திறன் புள்ளிகளைக் கொண்டுவந்தன. பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை வாசித்தால் 10, தேசிய அளவில் 7.5, மாநில அளவில் 5, கல்லூரி அளவில் 3. 2018 விதிமுறைகளில் இவை குறைக்கப்பட்டன: வெளிநாட்டில் 7, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டுக்கு 5, தேசிய அளவுக்கு 3, மாநில அளவுக்கு 2. எண்கள் மாறினாலும் தர்க்கம் மாறவில்லை. வாசித்ததற்குப் புள்ளி உண்டு, கேட்டதற்கு இல்லை. நன்றாக ஒரு கேள்வி கேட்டவருக்கோ, கேள்விக்குப் பிறகு கட்டுரையைத் திருத்தியவருக்கோ, தன் முடிவு தவறென்று ஒப்புக்கொண்டவருக்கோ எந்தப் பத்தியிலும் இடமில்லை. எதை அளக்கிறோமோ அதுவே பெருகும். வாசிப்பு பெருகியது.

இந்தக் கருத்தரங்குகளுக்குப் போனவர்களுக்கு அதன் ஒழுங்கு மனப்பாடம். காலையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. பதினொன்றரை மணிக்குமேல் இணை அமர்வுகள். ஓர் அறையில் இருபது பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். அமர்வுத் தலைவர் கட்டுரைகளை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். தங்கள் முறை முடிந்தவர்கள் எழுந்துபோகிறார்கள். கடைசியில் வாசிப்பவருக்குக் கேட்க ஆளில்லை. மாலையில் சான்றிதழும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கட்டுரைத் தொகுப்பும். இப்படி வாசிக்கும் ஆசிரியர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. குறைந்த சம்பளத்தில், நிரந்தரமில்லாத வேலையில் இருந்துகொண்டு, சொந்தப் பணத்தில் பதிவுக் கட்டணம் கட்டி வருகிறவர்கள் பலர். அவர்களுடைய உழைப்புக்குத் தகுந்த கவனத்தை அந்த அரங்கம் அவர்களுக்குத் தருவதில்லை என்பதே உண்மையான குறை.

தலைப்புகளைப் பார்த்தால் கேள்விகள் இல்லாததன் விளைவு தெரியும். குறிப்பிட்ட ஒரு மாவட்டத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவும் கல்வி அடைவும். பி.எட். மாணவர்களின் கணினி மனப்பான்மை. மாறிகள் எப்போதும் பாலினம், வசிப்பிடம், பள்ளி நிர்வாக வகை. மேலைநாட்டு மாணவர்களுக்காக உருவான வினாப்பட்டியலைத் தமிழாக்கி முந்நூறு பேரிடம் கொடுத்து, டி-சோதனை போட்டு, 0.05 மட்டத்தில் பொருளுள்ள வேறுபாடு இல்லை, இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது என்று முடியும். இந்த வகை ஆய்வு ஒவ்வொன்றுக்கும் அரங்கிலிருந்து எழ வேண்டிய கேள்விகள் எளிமையானவை. தமிழாக்கிய வினாக்களைப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று யாராவது ஐந்து பேரை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தீர்களா? ஆண் பெண் வேறுபாடு இருக்கும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு என்ன காரணம்? வேறுபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளை காலை ஓர் ஆசிரியர் எதை மாற்றிச் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளை ஒருமுறை எதிர்கொண்ட ஆய்வாளர் அடுத்த ஆய்வை வேறு விதமாகத் திட்டமிடுவார். கேள்வியே வராவிட்டால் அதே ஆய்வு அடுத்த மாவட்டத்துக்குப் பெயர் மாற்றிப் போகும்.

நம் நாட்டிலேயே வேறு வழியும் இருக்கிறது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமான ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004-இல் கோவாவில் தொடங்கிய ‘எபிஸ்டீம்’ மாநாடுகளுக்கு முழுக் கட்டுரைகள் முன்கூட்டியே சகமதிப்பீட்டுக்குப் போகின்றன. அறிவியல், தொழில்நுட்பம், கணிதக் கல்வியில் இதுவரை வந்த ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்து மதிப்பிடும் உரைகளுக்கு அங்கே தனி இடம் உண்டு. புதிய கட்டுரைகளோடு பழைய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவதையும் மாநாட்டின் வேலையாகக் கொண்டதுதான் அதன் சிறப்பு.

வகுப்பறையை அரங்குக்குள் கொண்டுவருதல்

ஜப்பானிய ஆசிரியர்களின் பாட ஆய்வு முறையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய நூல் வழியாக உலகம் அதைப் பரவலாக அறிந்தது. ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். கடன் வாங்கிக் கழித்தலை ஒன்றாம் வகுப்புக்கு அறிமுகப்படுத்த எந்த இரண்டு எண்களைக் கொடுப்பது என்பதைப் பற்றியே நீண்ட விவாதம் நடக்கும்; எண் மாறினால் பிள்ளை யோசிக்கும் வழியும் மாறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவர் பாடத்தை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெளியிலிருந்து வந்த அனுபவசாலி ஒருவர் கருத்துரை சொல்கிறார். திருத்திய பாடத்தை இன்னொருவர் வேறு வகுப்பில் நடத்துகிறார். சில பள்ளிகள் இதைப் பொதுவில் திறந்துவைக்க, மற்ற ஊர் ஆசிரியர்களும் வந்து பார்க்கிறார்கள். ஒரு நல்ல மாநாட்டின் உறுப்புகள் எல்லாம் இதில் இருக்கின்றன: திட்டம், சான்று, கருத்துரையாளர், கேள்வி, திருத்தம், மறுசோதனை. நடுவில் வகுப்பறை இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

நம் கல்வியியல் கல்லூரிகள் இதைச் செய்யப் புதுக் கட்டடமோ பெரு நிதியோ தேவையில்லை. கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக் கேள்விக்கான நேரத்தை இரண்டு மடங்காக்கலாம். முழுக் கட்டுரையை மூன்று வாரங்களுக்கு முன்பே கருத்துரையாளருக்கு அனுப்பலாம். சராசரியும் திட்டவிலக்கமும் காட்டும் திரையில் ஒரு பிள்ளையின் நோட்டுப் பக்கத்தையும் காட்டச் சொல்லலாம். 261 என்று எழுதிய அந்தப் பக்கம் அரங்கில் எழுப்பும் பேச்சை எந்த அட்டவணையும் எழுப்பாது. வேறு மாவட்டத்தில் வந்த முடிவைத் தன் மாவட்டத்தில் சரிபார்த்தவருக்கு ஒரு சிறப்பு அமர்வு ஒதுக்கலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து மாலை போட்டு அனுப்பாமல், கருத்துரையாளர் இருக்கையில் உட்காரவைக்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது மொழி. தமிழ்வழி வகுப்பில், தமிழில் பேசும் பிள்ளைகளிடம் திரட்டிய தரவு ஆங்கிலக் கட்டுரையாகி, ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டு, ஆங்கிலத் தொகுப்பில் முடங்கிவிடுகிறது. கதவைத் திறந்து தரவு தந்த பள்ளிக்கு அதிலிருந்து ஒரு பக்கம்கூடத் திரும்பிப் போவதில்லை. பன்னாட்டு வாசகருக்காக ஆங்கிலத்தில் எழுதுவது தேவைதான். அதோடு, ஆய்வு நடந்த பள்ளியின் ஆசிரியர்கள் படித்துக் கேள்வி கேட்கும்படி இரண்டு பக்கத் தமிழ் அறிக்கை ஒன்றையும் ஒவ்வொரு கட்டுரையோடும் கேட்டு வாங்கலாம். கருத்தரங்கின் கடைசி அமர்வைத் தமிழில், அந்த ஆசிரியர்களை வைத்தே நடத்தலாம்.

வினாப்பட்டியலோடு ஓர் ஆய்வாளர் வகுப்புக்குள் நுழையும்போது, நாற்பது பிள்ளைகள் தங்கள் பாடவேளை ஒன்றை அவருக்குக் கொடுக்கிறார்கள். ஆசிரியர் தன் நேரத்தை விட்டுக்கொடுக்கிறார். அவர்கள் கொடுத்தது சான்றிதழில் முடிந்துவிடக் கூடாது. அதற்குக் குறைந்தபட்சக் கைம்மாறு, கிடைத்த முடிவு உண்மைதானா என்று அறிந்தவர்கள் கூடிய சபையில் நேர்மையாகச் சோதித்து, சோதனையில் தேறியதை அதே வகுப்புக்குத் திருப்பிக் கொடுப்பது. இதைச் செய்ய அனுமதியோ அரசாணையோ வேண்டாம். அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் கல்லூரி, நிகழ்ச்சி நிரலில் ‘கட்டுரை வாசிப்பு’ என்ற வரிக்குக் கீழே ‘கேள்விகளும் திருத்தங்களும்’ என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்கட்டும். முதல் அடிக்கு அது போதும்.